உள்பக்கம் வெளியே

மாமியார் கோயிலுக்குள் நுழைந்த கோலத்தைப் பார்த்ததும் ஹெர்மினியாவுக்கு முகம் செத்துப்போனது.

அவள் நெய்து கொடுத்த தோள்போர்வையைத்தான் சதுர்னினா போட்டிருந்தாள். ஆனால் உள்பக்கம் வெளியே தெரியும்படி. வரிசையாகக் குதிரைகள் நடக்கும் முன்பக்கம் முதுகோடு ஒட்டிக் கிடக்க, ஊர் பார்த்ததெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நூல்களைத்தான்.

மழைக்காலம் முழுக்க, வயிற்றில் பிள்ளையோடு தறிக்கு முன்னால் மண்டியிட்டு நெய்தது அது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கார்மென் மாதா திருவிழாவில் மாமியார் தோளில் கிடக்கும் போர்வையைப் பார்த்துத்தான் இந்த ஊர்ப் பெண்கள் புது மருமகளை எடை போடுவார்கள். அதனால்தான் அத்தனை பாடு.

காலையில் மணி அடிக்கிற நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். சதுர்னினா விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

"சரி, நீ பிள்ளையத் தூக்கிட்டு முன்னால போ. நான் வரேன்" என்றாள். அவ்வளவுதான்.

வந்த லட்சணம் இது.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் பாசிலியா ஆரம்பித்துவிட்டாள். ஊரில் யாருக்குப் பட்டப்பெயர் இருந்தாலும் அது அவள் வைத்ததாகத்தான் இருக்கும்.

"என்ன சதுர்னினா, போர்வைய மாத்திப் போட்டிருக்கே? மருமக நெசவுக்கு மூஞ்சி இல்லையா?"

"என் தோளு, என் இஷ்டம்."

"கொஞ்சம் திரும்பேன், பார்ப்போம்." பாசிலியா போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் போனாள். சதுர்னினா அவள் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"கைய எடு. எனக்குக் காட்டணும்னு தோணலை. வெயில்பட்டா சாயம் போயிடும்."

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பாவம்டி நீ" என்று பாசிலியா ஹெர்மினியாவின் தோளைத் தட்டினாள். "எங்க ஊர்லயே பெரிய திமிர் பிடிச்சவகிட்ட வந்து மாட்டிக்கிட்டே."

ஹெர்மினியா புருஷனைத் தேடிப் பிடித்தாள். எலாடியோ ஊர்வலத்தில் மாதாவின் பல்லக்கைத் தூக்க, தோளுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"உங்க அம்மா பண்ணினதைப் பார்த்தீங்களா?"

"அம்மா அப்படித்தான். விடு."

"எப்படி விடறது? என் முகத்துல காறித் துப்பின மாதிரி இருக்கு."

"திருவிழா நாள்ல எதுக்குச் சண்டை? நாளைக்குக் கேட்டுக்கலாம்."

நாளை வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. பல்லக்கு திரும்பி, மேளம் கொட்டி ஆட்டம் தொடங்கியபோது கூட்டத்தில் மாமியாரைக் காணோம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

முற்றத்தில் கண்ட காட்சியில் அத்தனையும் மறந்துபோனது.

சதுர்னினா போர்வையை மடியில் போட்டு, கத்தி முனையால் நட்டநடுவே அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பிடிக்கலைன்னா காலையிலேயே சொல்லியிருக்கலாமே? ஊர் முன்னால மானத்த வாங்கினது போதாதுன்னு இப்ப கிழிக்கவும் செய்யறீங்களா?"

சதுர்னினா நிமிரவில்லை. "கத்தாதே. பிள்ளை முழிச்சுக்கப் போறான். இப்படி வந்து உட்காரு."

"உட்கார வரலை. நான் என்ன குத்தம் செஞ்சேன்னு சொல்லுங்க."

"உட்காருன்னேன்."

பாதி தையல் பிரிந்த போர்வையைச் சதுர்னினா தரையில் விரித்தாள்.

தனித்தனியாக நெய்து நடுவில் சேர்த்துத் தைத்த இரண்டு பாதிகள். மேல் பாதியில் குதிரைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. கீழ்ப் பாதியில் அத்தனை குதிரைகளும் நான்கு காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன.

ஹெர்மினியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று மாலை. காய்ச்சலில் சிணுங்கிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவசர அவசரமாகத் தைத்தது. ஒரு பாதியைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறாள். மறுபடி விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பாசிலியா கண்ணுல பட்டிருந்தா, உன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆன பிறகும் நீ இந்த ஊருக்குச் செத்த குதிரைதான்."

"காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா அத்தை?"

"மணி அடிச்சாச்சு. பிரிச்சுத் தைக்க ஏது நேரம்? சொல்லியிருந்தா நீ கோயிலுக்கே வந்திருக்க மாட்டே."

"வேற போர்வையாவது போட்டுட்டு வந்திருக்கலாம்."

"போட்டிருந்தா, மருமக நெய்ததை இவ தொடவே இல்லைன்னு பேசுவாங்க. பேச்சு என்னோட நிக்காது. உன் நெசவு மேலயும்தான் வரும்."

ஹெர்மினியாவுக்கு, தான் கொட்டத் தயாராக இருந்த வார்த்தைகளை நினைக்கவே கூச்சமாக இருந்தது. மாமியாரின் சாயம் ஏறிய விரல்களைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க. உங்களைப் போய்த் திமிர் பிடிச்சவன்னு ஊரே பேசுதே அத்தை."

சதுர்னினா கையை விடுவித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்து அவளிடம் நீட்டினாள்.

"நேத்துவரைக்கும் மட்டும் என்ன, மாதாவுக்கு அடுத்தவ நான்தான்னா பேசினாங்க? நீ அந்த முனையிலேர்ந்து தை, நான் இந்த முனையிலேர்ந்து வரேன். ஆட்டம் முடியறதுக்குள்ள இதை நல்லபடியாப் போட்டுக்கிட்டு, பாசிலியா முன்னால நாலு சுத்து சுத்தி வரணும் எனக்கு."