மூஞ்சிக்கு ஆகாத ரீல்

பத்ருல் சொன்ன அந்தச் சம்பவத்தை மஸ்லான் ஒன்பது வருடமாக நம்பவில்லை.

வந்த ஐந்நூறு ரிங்கிட்டை எந்த வியாபாரியாவது திட்டி அனுப்புவானா?

"அனுப்பினான்டா. என் கண்ணால பாத்தேன்."

கெரிக் ஊர் டீக்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் பத்ருலுக்கு ஐஸ் டீ பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் வர வேண்டும். கயிற்றை வலது கை விரலில் மாட்டிக்கொண்டு, ஸ்ட்ராவை உறிஞ்சியபடிதான் ஆரம்பிப்பான்.

"கிளாஸ் கழுவுறவனுக்கு வேலை மிச்சம்" என்று மஸ்லான் வழக்கம்போல வம்புக்கு இழுப்பான்.

"கேளுடா. யாரோ ஒரு அப்பாவி. ஏரிக்கு விரால் பிடிக்கப் போற கூட்டத்தோட தூண்டில் கடைக்கு வந்தான். ரெண்டு தூண்டில் ரீலை மாத்தி மாத்திப் பாத்துட்டு, விலை கூடின ஐந்நூறு ரிங்கிட் ரீலைக் கையில எடுத்தான். கடை முதலாளி, அந்தத் தவுக்கே கிம் ஹுவாட், வெடுக்குன்னு பிடுங்கி, 'இது உன் மூஞ்சிக்கு ஆகாது, அந்த நூத்தியிருபது ரிங்கிட் ரீலை எடுத்துட்டு நடையைக் கட்டு'ன்னான். கூட வந்தவனுங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. அந்தத் தவுக்கேவுக்கு வாயா அது? சாக்கடை."

போன வாரம், ஐம்பத்தெட்டாவது வயதில், மஸ்லானுக்கே மீன் பிடிக்கும் ஆசை வந்தது. அதே கடைக்குப் போனான்.

கிம் ஹுவாட் இரண்டு ரீலை எடுத்து வைத்தார்.

"என்ன தவுக்கே வித்தியாசம்?"

"இது கம்புக்கு அடியில தொங்கும். ஆள்காட்டி விரல் போதும், கழுதைகூட வீசலாம். இந்த உருளை ரீல் கம்பு மேல உக்காரும். குறி தப்பாது. ஆனா வீசும்போது கட்டைவிரலால உருளையை அழுத்திக்கிட்டே இருக்கணும். விட்டீங்கன்னா தூண்டில் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாயிடும். எங்க, அழுத்துங்க."

மஸ்லான் அழுத்தினான். "என் மூஞ்சிக்கு இது ஆகுமா?"

தவுக்கே நிமிர்ந்தார். "அந்தக் கதை உங்க வரைக்கும் வந்துடுச்சா?"

"ஊரெல்லாம் உங்க வாய்தான் நாறுது."

"நாறட்டும்." ரீலைத் துணியால் துடைத்தார். "அந்த ஆளையும் அழுத்தத்தான் சொன்னேன். கட்டைவிரல் அசையவே இல்ல. என்ன நோவோ. பின்னாடியே கூட்டாளிங்க நிக்கிறானுங்க. விரல் வராதுன்னு தெரிஞ்சா மறுநாள் படகுல ஏத்துவானுங்களா? அதான் மூஞ்சியைத் திட்டினேன். எல்லாரும் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சானுங்க. விரலை எவனும் பாக்கல."

"யாரு அந்த ஆளு?"

"எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்காதுங்க. உங்களுக்கு எந்த ரீல்?"

சாயங்காலம் டீக்கடையில் பத்ருல் பையின் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டான்; கட்டைவிரல் பையைத் தொடவே இல்லை. மஸ்லான் வாங்கிய ரீலைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"அந்தச் சாக்கடை வாய்க்காரன்கிட்டயா வாங்கினே? ஒரு தடவை அங்க ஒரு அப்பாவி..."

மஸ்லான் இந்த முறை வம்புக்கு இழுக்கவில்லை. பக்கத்து மேஜை காலியாகும்வரை காத்திருந்தான். பிறகு, மெதுவாகக் கேட்டான்.

"ஏன் பத்ருல், இங்கேயே உக்காந்து குடிக்கிற டீயை நீ ஒரு நாள்கூட கிளாஸ்ல வாங்கினதில்லையே?"