த்ரீ ஃபேஸ் வரும் நேரம்

அணுக்கழிவை இங்கே புதைக்கலாமா என்று பார்ப்பதற்காக, ஊருக்கு வெளியே ஓர் ஆழ்குழாயை இறக்கியிருந்தார்கள். மாதம் ஒரு முறை, காலை ஒன்பது மணிக்கு, அளவு நாடா ஒன்று அதற்குள் இறங்கித் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும்.

"நாற்பது அடி. ஆறு மாசமா அரை அடிகூட மாறலை. இங்க தண்ணி நகராது, எழுதி வெச்சுக்கோ," என்றது நாடா.

"பதினொரு மணிக்கு வந்து பாரேன்," என்றது குழாய்.

"எப்ப வந்தாலும் நாற்பதுதான்."

அன்று அளவெடுக்க வந்த அதிகாரி வழக்கம்போல நாற்பது என்று எழுதினார். நாடாவைச் சுருட்டாமல் குழாய்க்குள்ளேயே தொங்கவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாப்பிடப் போய்விட்டார். பதினொரு மணிக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. நாச்சிமுத்து தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கியது, அடுத்த தோட்டத்து மோட்டாரும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில், தண்ணீரில் நனைந்துகொண்டிருந்த நாடாவின் நுனி வெறும் காற்றில் ஆடியது.

"தண்ணி எங்க போச்சு?" என்றது நாடா.

"தக்காளிக்கு. தினமும் இந்நேரம் கிளம்பிடும்."

"அவ்வளவு தூரம் தனியாவா போகுது?"

"நீங்க இங்க புதைக்கிற வரைக்கும் தனியாத்தான்," என்றது குழாய்.