மொட்டைப் போன்

முன்னொரு காலத்தில் எல்லாம் இல்லை, போன மாதம்தான் நடந்தது. ஒரு போன் கம்பெனியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். போனுக்கு அலங்காரம் செய்வது அவர்கள் வேலை. வெறும் மென்பொருளோடு வருகிற போனுக்குப் புதுக் கடிகாரம், புதுப் படங்கள், புல்லாங்குழல் மணி என்று உடுத்தி அனுப்புவார்கள்.

அதில் ஒருவன், பூட்டிய திரையில் மழைத்துளி வழிகிற மாதிரி செய்தவன். அன்றிலிருந்து அவன் பெயரே மழை என்றாகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கம்பெனி, தன் விலை உயர்ந்த போனையே அலங்காரம் எதுவும் இல்லாமல் இன்னொரு பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. ஆபீசில் அதற்கு மொட்டை என்று பெயர்.

"பிள்ளையை நாம தலை சீவி அனுப்பறோம், கம்பெனி மொட்டை அடிச்சு விக்குது. ஏன்னு யாருக்காவது தெரியுமா?"

கேட்டவர் மேலாளர். எதிலும் குறை கண்டுபிடிப்பதால் முதுகுக்குப் பின்னால் மாமனார்.

"ஆப் எழுதறவங்க கேக்கறாங்களாம் சார்."

"புது வெர்ஷன் வந்தா மொட்டைக்கு உடனே போயிடும் சார். நாம உடுத்தி முடிக்க ஆறு மாசம் ஆகுது."

"அதெல்லாம் பேப்பர்காரனுக்குச் சொல்றது. ஒரே போன், ஒண்ணு உடுத்தினது, ஒண்ணு உடுத்தாதது. ஜனங்க எதை எடுக்கறாங்கன்னு மேலிடம் பார்த்துக்கிட்டிருக்கு. மொட்டையே போதும்னா நாம எதுக்கு? பன்னிரண்டு பேருக்கும் வீட்டுக்கு வழி காட்டிடுவாங்க. அடுத்த வாரம் முடிவு."

மேலாளர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த லட்சணத்துல, நம்மள்ல ஒருத்தரே மொட்டை வச்சிருக்காங்களாம்!"

மழை குனிந்துகொண்டான். சொன்னவன் அவன்தான். குழுவில் சோதனை பார்க்கிற அக்காவின் கையில் மொட்டையை முந்தாநாள் லிஃப்டில் பார்த்தான். அன்று மாலையே மேலாளர் காதில் போட்டுவிட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைப்பவரைக் காட்டிக்கொடுத்தால் தப்பா? ஆளைக் குறைத்தால் முதலில் போவது அவரா தானா என்ற கணக்கும் உள்ளே ஓடியது. அது வேறு விஷயம்.

"எல்லாரும் போனை எடுத்து மேசை மேல வைங்க."

பதினொரு போன்கள் வந்தன. மழையின் போனில் மழை தூறிக்கொண்டிருந்தது.

மேலாளர் அக்காவைப் பார்த்தார். "உங்களுக்குத் தனியா பத்திரிகை வச்சு அழைக்கணுமா?"

அக்கா பையை எடுக்கக் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து மேசைக்கு அடியில் ஒரு போன் அடித்தது. புல்லாங்குழல் இல்லை. வெறும் டிரிங் டிரிங். மொட்டையின் மணி.

அடித்தது அக்காவின் பையில் இல்லை. அதை ஒட்டிக் கிடந்த மழையின் பையில்.

மேசையில் வைக்க ஒரு போன், சொந்த உபயோகத்துக்கு ஒரு போன். வேறு என்ன செய்வான்? அவன் செய்த மழை மத்தியானத்துக்குள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். அது அவனைவிட யாருக்குத் தெரியும்?

அக்கா நிமிர்ந்தார். கையில் அவன் போன். மணியை அமுக்கியிருந்தார்.

"என்னுதுதான் சார். மன்னிச்சிடுங்க."

"வெட்கமா இல்ல? சமைக்கிறவங்களே வெளியில போய்ச் சாப்பிட்டா, அந்தக் கடைக்கு எவன் வருவான்? இனிமே உங்களுக்கு இங்க இடமில்ல. கீழே புகார்ப் பிரிவுக்குப் போங்க. இப்பவே."

"சரி சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மழை சிரிக்கவில்லை. அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்ததும் ஓடினான். மாடிப்படி ஓரம், சாமான்களை அள்ளிப் போட்ட அட்டைப் பெட்டியோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"இந்தாங்க தம்பி, உங்க போன். வீட்டம்மான்னு காட்டுச்சு. கூப்பிட்டுப் பேசிடுங்க, பாவம்."

"அக்கா... உங்களைப் பத்தி மேலாளர்கிட்ட..."

"தெரியும். லிஃப்ட்ல நீங்களும் நானும்தானே இருந்தோம். மூணாவதா இருந்தது கண்ணாடி. அது பேசாது."

"அப்புறம் ஏன்க்கா?"

"நான் வச்சிருந்தா என்னை மட்டும்தான் அனுப்புவாங்க. மழையைச் செஞ்சவரே மொட்டை வச்சிருக்காருன்னு மேலிடத்துக்குத் தெரிஞ்சா பன்னிரண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. எனக்கென்ன, புகார்ப் பிரிவுலதான் பத்து வருஷம் குப்பை கொட்டினேன். திட்டு வாங்கறது பழகிப்போச்சு."

அவனுக்கு ஒரு துளி ஆறுதல் வேண்டியிருந்தது. "ஆனா... நீங்களும்தானே மொட்டை வச்சிருந்தீங்க?"

"அதுவா? உடுத்தினது எவ்வளவு பேட்டரி குடிக்குதுன்னு பார்க்கணும்னா, பக்கத்துல உடுத்தாதது ஒண்ணு வேணுமில்ல? அதுக்காக வாங்கினது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஒரு மாசமாத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். நேத்துதான் பிழை மாட்டிச்சு. திரை அணைஞ்சப்புறமும் உங்க மழை உள்ளுக்குள்ள நிக்காம பெஞ்சுக்கிட்டிருக்கு. எந்த இடத்துல நிறுத்தணும்னு எழுதி உங்க மேசையில வச்சிருக்கேன். நீங்க கண்டுபிடிச்சதாவே சொல்லிடுங்க."

அவன் மொட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"அதைத் திருத்திட்டா சார்ஜ் நாள் பூரா நிக்கும் தம்பி. அப்புறம் நீங்களும் நம்ம போனையே வச்சுக்கலாம்."

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா படியிறங்கிப் போனார்.