பௌர்ணமி நண்டு

பௌர்ணமி மாலை, கடலிலிருந்து நிலா எழும்பும் நேரத்தில் ஒரு நண்டு வலையில் மாட்டியது. மீன்காரி பிலோமி அதைத் தூக்கி அமுக்கிப் பார்த்தாள். "பௌர்ணமி நண்டு, வெறும் ஓடு. உள்ளே ஒண்ணுமில்லை" என்று தண்ணீரிலேயே வீசிவிட்டாள்.

உயிர் தப்பியதே என்று நண்டு பேசாமல் பொந்துக்குள் போயிருக்கலாம். போகுமா?

"எனக்கா உள்ளே ஒண்ணுமில்லை?" என்று பக்கத்துப் பாறையிடுக்கு இறாலிடம் பொருமியது.

"விடுக்கா. அவ அப்படிச் சொன்னதாலதானே பிழைச்சே?"

"நீ வாயை மூடுட்டி!"

அன்றிலிருந்து நண்டு கண்டதையும் தின்றது. நிலா தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. பாதியாகத் தேய்ந்தபோது உச்சிவேளையில்தான் மேற்கே மறைந்தது. அது இளைக்க இளைக்க நண்டு கொழுத்தது. அமாவாசையன்று காலை, இறால் கெஞ்சக் கெஞ்ச, தானாகவே போய் வலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

பிலோமி தூக்கினாள். பாரத்தில் கை தாழ்ந்தது. "மாதாவே, இதல்லவா நண்டு! குழம்புக்கு இது ஒண்ணே போதும்!"

கூடைக்குள்ளிருந்து நண்டு எட்டிப் பார்த்துக் கத்தியது: "ஏட்டி, கேட்டியா அவ சொன்னதை?"