வருகிற ஆளா, போகிற ஆளா

என் பழைய சாமான் கடைக்கு வருகிறவர்கள், ஆசைப்பட்ட பொருளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைத்தான் விலை கேட்பார்கள். செண்பகவல்லியும் முதலில் வந்த வெள்ளிக்கிழமை பித்தளைக் கூஜாவைத்தான் கேட்டாள். கண் மட்டும் உள்ளங்கை அகலப் பென்சில் படத்தின் மேல் இருந்தது. எந்த வெள்ளைக்காரன் தன் ஊரை நினைத்து வரைந்ததோ, கையெழுத்து இல்லை. ஒரு குன்று, கல் வேலி, திறந்து கிடக்கும் படல், அங்கே ஒரு புள்ளி.

"அது ஆடுதானே?" என்றாள்.

"ஆடு இல்லீங்க, மேகத்தோட நிழல்."

அடுத்த வெள்ளிக்கிழமை அது புதரானது, அதற்கடுத்து பாறை. விலையை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு வெள்ளி ஒன்றுதான் கிழமை.

இன்று பையைத் திறந்தபடியே வந்து நின்றாள்.

"அது ஆள்தாங்க. வீட்டுக்கு வர்ற ஆள்னா, நீங்க சொல்ற விலைக்கு இப்பவே எடுத்துக்கிறேன். போற ஆள்னா வேண்டாம். போன ஒருத்தரைப் பார்த்ததே போதும். நீங்களே சொல்லுங்க."

வருகிற ஆள் என்றால் படத்தோடு அவளும் போய்விடுவாள். போகிற ஆள் என்றால் படம் மட்டும் என்னிடம் இருக்கும். காலமெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்றவன், இப்போதும் ஒன்றைச் சொன்னேன்.

"பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியும். கடையில இல்லீங்க. அடுத்த வெள்ளிக்குள்ள ஒண்ணு பிடிச்சு வைக்கிறேன்."

என் கழுத்துக் கயிற்றில் தொங்கிய பூதக்கண்ணாடியை அவள் பார்த்தாள். பையை மெல்ல மூடினாள்.

"அவசரமில்லை. நிதானமாத் தேடுங்க."