அறுபது வாங்கினால் பாஸ்

"அறுபது மார்க் வாங்கினா வீட்டுல இருக்கும். ஒரு மார்க் குறைஞ்சாலும் இன்னிக்கே கடைக்குத் திரும்பிப் போயிடும். கருணை மார்க் போடுற பழக்கமே எனக்குக் கிடையாது" என்றாள் மனைவி, சிவப்புப் பேனாவைத் திறந்தபடி.

அவள் வீட்டில் டியூஷன் எடுப்பவள். அவளிடம் பரீட்சைக்கு மாட்டியிருந்தது மேஜை மேல் இருந்த புது பிரிண்டர். அச்சு, நகல், ஸ்கேன், போட்டோ என்று நாலு வேலையையும் ஒன்றே பார்க்கும் என்று சொல்லிக் கடைக்காரர் தலையில் கட்டியது. பிடிக்கவில்லை என்றால் பத்து நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இன்று பத்தாவது நாள். கடை எட்டு மணிக்கு மூடிவிடும்.

கணவன் தோளில் மாட்டிய ஆபீஸ் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நகல், இருபதுக்குப் பதினெட்டு. ஸ்கேன் பதினேழு. சத்தத்துக்குப் பன்னிரண்டு, நம்ம மிக்சிக்கு இது எவ்வளவோ தேவலை. போட்டோவுக்குப் பதினொண்ணுதான். என் மூக்கை எவ்வளவு பெரிசாக் காட்டுது பாருங்க!"

"உம்."

"உம்மா? 'உன் மூக்கு சின்னதுதானே'ன்னு சொல்ல வேண்டிய இடத்துல உம்மா? என்னங்க ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க."

"எனக்கு வேலை போகப் போகுது."

சிவப்புப் பேனா அப்படியே நின்றது.

"காலையில மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னைக் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சிட்டார். வரைபடத்துல குழாய் அளவு தப்பாம். அதை வரைஞ்சது நானே இல்ல! ரோஷத்துல உட்கார்ந்து ராஜினாமா கடிதம் அடிச்சுட்டேன்."

தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் ஆபீசில் அவனுக்குப் பன்னிரண்டு வருட வேலை. கோபம் வந்தால் பால் மாதிரி பொங்குவான், அஞ்சு நிமிஷத்தில் அடங்கியும் விடுவான்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுக்கலை. அதான் வினையே. லேப்டாப்புல பிரிண்ட் குடுத்துட்டு எழுந்து போய்ப் பார்த்தா ட்ரே காலி. திரும்ப வந்து அழுத்தினேன், காலி. மூணாவது தடவையும் காலி. அதுக்குள்ள கோபம் ஆறிடுச்சு, லேப்டாப்பை மூடிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. ஆபீஸ் பிரிண்டர் இருக்கறதே மேனேஜர் ரூம் வாசல்ல. யாரோ மூணையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க!"

"சரி, ராஜினாமா கடிதம்தானே? மரியாதையா எழுதியிருப்பீங்கல்ல?"

அவன் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான். "கடைசி வரி... 'உங்களிடம் வேலை பார்ப்பதும் ஒன்று, சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.'"

"அட கடவுளே! அந்த வரி எதுக்குங்க?"

"நல்லா வந்துச்சு. எடுக்க மனசு வரலை."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆபீசுக்கே தெரிஞ்சு போச்சு. வரவேற்புல இருக்கற அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. வாட்ச்மேன் 'உடம்பைப் பார்த்துக்குங்க சார்'ங்கிறார். சாயங்காலம் மேனேஜரே வந்து தோள்ல கை போடுறார். 'காலையில பேசினது என் தப்பு, மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ரூமுக்கு வாங்க, ஒரு நல்ல விஷயம் பேசணும்'கிறார். வெட்டப் போற ஆட்டைத் தடவிக் குடுக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயம் அவளுக்கும்தான். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"போனாப் போகட்டும். நான் இன்னும் நாலு பிள்ளைங்களைச் சேர்த்துக்கறேன். நாளைக்கு நீங்களே முந்திக்கிட்டு, கோபத்துல எழுதிட்டேன் சார்னு சொல்லிடுங்க. வாயைத் திறந்து கேட்டா மன்னிக்காத மனுஷன் யாரு?" என்றவள் சட்டென்று எழுந்தாள். "ஆனா இதுக்கு மேல இந்த பிரிண்டர் ஆகாது. இப்பவே அம்பத்தெட்டுலதான் நிக்குது. ஒரு பரீட்சை பாக்கி இருக்கு, அதையும் முடிச்சுடுவோம்."

"என்ன பரீட்சை?"

"சொல்பேச்சு. வயர் இல்லாம நாம சொன்னா கேட்குதான்னு பார்க்கணும். எட்டு நாள் சோம்பல்பட்டு நேத்துதானே உங்க லேப்டாப்புல இதைச் சேர்த்தீங்க? எடுங்க அதை. என் போட்டோவை இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்க."

பளபளப்பான போட்டோ தாள்கள் நாலைந்தை அவள் உள்ளே வைத்தாள். அவன் வேண்டாவெறுப்பாக லேப்டாப்பைத் திறந்தான். அவன் விரல் எதையும் தொடுவதற்குள் பிரிண்டர் செருமிக்கொண்டு விழித்தது.

"நான் இன்னும் ஒண்ணுமே அழுத்தலையே!"

"கேட்காமலே அடிக்குது பாருங்க! அதுவும் போட்டோ இல்ல, வெறும் எழுத்து. நல்ல தாள் வீணாப் போச்சு. ஐயையோ, இன்னொண்ணும் வருதே!" அவள் பேனாவை அழுத்திப் பிடித்தாள். "சொல்பேச்சுக்கு முட்டை! மொத்தம் அம்பத்தெட்டு. ஃபெயில்! கிளம்புங்க கடைக்கு."

மூன்றாவது தாளும் வந்து விழுந்த பிறகுதான் பிரிண்டர் அடங்கியது. அவள் எரிச்சலோடு மேல் தாளை எடுத்துக் கடைசி வரியை வாசித்தாள்.

"'...சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.'"

நேற்றுச் சேர்த்ததிலிருந்து லேப்டாப் ஆபீஸ் பிரிண்டரை மறந்தே போயிருக்கிறது. எதை அடிக்கச் சொன்னாலும் இந்தப் புதியதைத்தான் தேடியிருக்கிறது. கிடைக்காமல், மூன்று கடிதங்களையும் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்போ மேனேஜர்..." என்றாள் அவள்.

"நிஜமாவே மன்னிப்புதான் கேட்டிருக்கார், மகராசன்!" என்று கத்தியவன், மூன்று தாளையும் சுக்குநூறாகக் கிழித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைப் பிடுங்கி, அந்த முட்டைக்கு முன்னால் பெரிதாக ஒரு 2 போட்டான், கருணை மார்க்கே போடாத டீச்சர் அதைத் தடுக்கவில்லை.