நாலாவது சரணம்

சத்தியவேடு ஆந்திராவில் சேர்ந்த வருஷம் அங்கே நாடகம் போட்டோம். சுலோசனா படுதாவுக்கு முன்னால் நின்று பாடுவாள். நான் ஆர்மோனியம். பின்னால் எத்திராஜும் சம்பத்தும் காட்டு சீனை எடுத்துவிட்டு தர்பார் சீனை வைத்து, பலகையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். அதுவரை பாட்டு நிற்கக் கூடாது.

முதல் நாள் நாலு சரணம் முடிந்ததும் தட்டு கேட்டது. படுதாவை இழுத்தேன். தர்பார் தயாராக இருந்தது. நாடகம் முடிந்த பிறகுதான் இருவரும் வந்தார்கள்.

"புத்தூர்ல பஸ்ஸை உட்டுட்டோம்ண்ணா. யாரு சீன் மாத்தினாங்க?" என்றான் எத்திராஜ்.

மறுநாளிலிருந்து சீன் மாற்றும் நேரத்தில் இருவரும் டீ குடித்தார்கள்.

ஒருநாள் சுலோசனா மூன்றாவது சரணத்தோடு நிறுத்தினாள். தட்டு வரவில்லை.

"கேட்டுக்கினு இருக்குது போல," என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, சிரித்தபடி நாலாவதையும் பாடினாள்.

இரண்டு தட்டு விழுந்தது, நிதானமாக.